அழுத்தி நிரப்பிய ஒரு கப்

மரிபோர் நகரம். திராவா ஆற்றுப் பக்கம் திறக்கும் ஜன்னல்.
நான்காம் மாடியில் யெர்னேயாவின் அடுப்படி.
வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்:
நூற்றுப் பன்னிரண்டு கேக்குகள்,
அத்தனையும் கப்பில் எழுதியவை,
அத்தனையும் கிராமில் வர வேண்டும்.
யாரோ ஓர் அமெரிக்கக்காரியின் புத்தகம்.
ஸ்லோவேனிய மொழிக்கு அது
போன மாதமே வந்து சேர்ந்துவிட்டது.
சொற்கள் பாடுபடுத்தவில்லை.
கப்தான்.

தராசின் பொத்தானை அழுத்துகிறாள். சுழியம்.
மாவைக் கப்பாலேயே முகந்து
கத்தியின் முதுகால் தலைதட்டினால்
நூற்று நாற்பத்தாறு.
கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டால்
நூற்றிருபத்தொன்று.
சலித்துப் போட்டால் நூற்றெட்டு.
அதே கப், அதே பை, அதே மனுஷி.
நடுவில் மேசைமேல் கைபேசி அதிர்ந்தது;
மாவு கொஞ்சம் உள்வாங்கி இடம் விட்டது.
அந்த இடத்துக்கு மூன்று கிராம்.

தண்ணீர் சமர்த்து.
எந்த மனநிலையில் ஊற்றினாலும்
இருநூற்று முப்பத்தேழு.
தேன் முந்நூற்று நாற்பது. ஆனால்
கவிழ்த்தால் முழுசாக இறங்காது;
கப்பின் சுவரில் தங்கியதை
விரலால் வழித்து நக்கினாளே,
அதை எந்தப் பத்தியில் எழுத?

உப்புக்கு வந்ததும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
பொடியுப்பு ஒரு தேக்கரண்டி ஆறு கிராம்.
பிரான் உப்பளத்துச் செதில் உப்பு மூன்றுதான்.
அந்த அம்மாள் 'உப்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறாள்,
உலகத்தில் எல்லார் வீட்டிலும்
அவள் வீட்டு டப்பாதான் இருப்பதுபோல.

நாற்பத்து மூன்றாம் கேக்:
பழுப்புச் சர்க்கரை, அழுத்தி நிரப்பிய ஒரு கப்.
எவ்வளவு அழுத்தி?
யார் அழுத்தி?
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்:
நூற்றுத் தொண்ணூற்றாறு.
இன்னொரு தடவை. நூற்றுத் தொண்ணூற்றாறு.
தன் கை இவ்வளவு ஒழுங்கு என்று
அன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அப்போது மணி அடித்தது.
மதேவ்ஷ்.
சாவி இன்னும் அவனிடம்தான் இருந்தது,
இருந்தும் மணி அடித்தான்.
பனிச்சறுக்குக் கட்டைகளை எடுக்க வந்திருந்தான்.
பரணில் கடைசியாய் மிஞ்சியவை அவைதான்.

"கையைக் கழுவிட்டு வா" என்றாள்.
"எதுக்கு?"
"இதை அழுத்தணும்."

ஏனென்று கேட்காமல் கழுவினான். அதுவே பெரிசு.
மூடாத பெட்டியை முழங்காலால் மூடுகிறவன்
சர்க்கரையை அழுத்துகிற மாதிரி அழுத்தினான்.
இன்னும் கொஞ்சம் போடு என்றான்.
போட்டாள்.
மறுபடி அழுத்தினான்.
"நிறுத்து" என்றாள்.
நிறுத்தினான்.
பிறகு இருவருமாய் நிறுத்தார்கள்:
இருநூற்று இருபத்து மூன்று.

எட்டு வருஷம் ஒரே மேசையில் தின்றவர்கள்.
கப்புக்கு இருபத்தேழு கிராம்.

"எதை எழுதப் போறே?"
"நடுவில ஒண்ணு."
இருநூற்றுப் பத்து என்று எழுதினாள், பென்சிலால்.
அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"அப்படி அழுத்தற ஆளே இந்த வீட்டில கிடையாதே."
இந்த வீட்டில் என்றான்.
சொன்ன பிறகு அவனுக்கே கேட்டிருக்க வேண்டும்;
கட்டைகளைத் தூக்கிக்கொண்டான்.
கதவுச் சட்டத்தில் இரண்டு இடத்தில் இடித்தது.

கவிழ்த்த சர்க்கரை தட்டில் நின்றது,
கப்பின் வடிவம் குலையாமல்,
உச்சியில் நான்கு விரல் பள்ளம்.
அதை அப்படியே வைத்துவிட்டு
கொக்கோவை முடித்தாள், எண்பத்தைந்து.
வெண்ணெயை முடித்தாள்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்து
ஆவி அந்தப் பக்கம் போனபோது
சர்க்கரை ஓர் ஓரமாய்ச் சரிந்து
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பொலபொலத்து
வெறும் குவியலாயிற்று.

தட்டோடு எடுத்து வைத்து, தட்டைக் கழித்துப் பார்த்தாள்.
இருநூற்று இருபத்து மூன்று.

அடுத்தது அக்ரூட்.
ஒரு கப், உடைத்தது.
எவ்வளவு பொடியாக என்று
அந்த அம்மாள் சொல்லவில்லை.